கரும்பு விளைந்த ஊரில் நம் வீடு



பொங்கல் முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. எடிசனின் ஓக் ட்ரீ சாலைக் கடைகளில் கட்டுக்கட்டாகச் சாத்தி வைத்திருந்த கரும்பு தீர்ந்துவிட்டது. தமிழ்ச் சங்கங்களின் விழாப் படங்கள் நம் அலுவலகத்தில் குவிந்திருக்கின்றன. எடிசன், ஃபிரீமாண்ட், டாலஸ் என எந்த ஊர்ப் படத்தை எடுத்தாலும் மேடையின் இரு பக்கமும் தோகையோடு கரும்பு நிற்கிறது. அந்தப் படங்களில் சில, டெக்சஸ் மாநிலத்துச் சுகர் லேண்டில் வாழும் வாசகர்கள் அனுப்பியவை. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஊர் மண்ணிலேயே கரும்பு விளைந்த காலத்தைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது. இந்தப் பிப்ரவரி, அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம். அதனால் இம்மாத ஆசிரியர் பக்கத்தை அந்த ஊரின் கதைக்குக் கொடுக்கிறேன்.

சுகர் லேண்ட், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, மெக்சிகோ வளைகுடாவை நோக்கித் தாழ்ந்து போகும் கடலோரச் சமவெளியில் இருக்கிறது. பிராசோஸ் ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 1,11,000 பேர் அங்கே வாழ்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல் ஆசிய வம்சாவளியினர். நல்ல பள்ளிக்கூடம், அகலமான தெரு, கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலைச் செடி தாங்கும் தட்பவெப்பம் என்று தேடிப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். அவ்வூர் அஷ்டலட்சுமி கோயிலில் 2024-ல் எழுந்த 90 அடி உயர அனுமன் சிலை தொலைவிலிருந்தே தெரிகிறது.

கரும்பு அங்கே வந்தது 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். மெக்சிகோவின் ஆட்சியில் டெக்சஸ் இருந்த நாட்களில், ஸ்டீஃபன் ஆஸ்டின் என்பவர் வெள்ளையர் குடியேற்றத்தை நடத்தினார். அவருடைய கூட்டாளி சாமுவேல் மே வில்லியம்ஸுக்கு ஆய்ஸ்டர் ஓடைக் கரையில் நிலம் கிடைத்தது. அவருடைய சகோதரர்கள் அதை ஓக்லாண்ட் தோட்டம் ஆக்கினார்கள். 1843-ல் அங்கே சர்க்கரை ஆலை ஓடத் தொடங்கியது. 1850-களில் பெஞ்சமின் டெர்ரியும் வில்லியம் கைலும் தோட்டத்தை வாங்கினார்கள். சுகர் லேண்ட் என்ற பெயர் அவர்கள் காலத்தில் நிலைத்தது.

ஆலை முதலாளிகளின் பெயர்கள் வரலாற்றில் தெளிவாக இருக்கின்றன. கரணை நட்டவர்கள், களை எடுத்தவர்கள், சோகை உரித்தவர்கள், கொப்பரை முன்னால் நின்று பாகு கிண்டியவர்கள் பெரும்பாலும் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள். சுகர் லேண்ட் அமைந்துள்ள ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் 1860-ல் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். கரும்பு வேலையின் கடுமை நம்மில் ஊர்ப்புறத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும். தோகை கையை அறுக்கும். வெட்டிய கரும்பு காய்ந்தால் சாறு வற்றும். ஆகவே வெட்டியதும் ஆலைக்குப் போயாக வேண்டும். டெக்சஸில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. குளிர்காலத்தில் உறைபனி விழுந்தால் வயலோடு கரும்பு கெட்டுப்போகும். பனி விழும் முன் வெட்டி, ஆட்டி, காய்ச்சி முடிக்க வேண்டும் என்பதால் அறுவடை மாதங்களில் இரவு பகல் பாராமல் ஆலை ஓடியது. சதுப்பு நிலக் கொசு மலேரியாவைக் கொடுத்தது. கொதிக்கும் பாகும் ஆலை உருளையும் கைகால்களைப் பறித்தன.

டெர்ரி உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் பக்கம் ஒரு குதிரைப்படையைத் திரட்டிப் போனார். 1861 டிசம்பரில் கென்டக்கி மாநிலத்தில் நடந்த சண்டையில் இறந்தார். போர் முடிந்த பிறகு, 1865 ஜூன் 19 அன்று, கால்வெஸ்டன் துறைமுக நகரில் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் விடுதலை ஆணையை வெளியிட்டார். ஜூன்டீன்த் என்று 2021 முதல் நாடு முழுதும் விடுமுறை விட்டுக் கொண்டாடும் நாள் அதுதான். அந்தச் செய்தி பிராசோஸ் கரையின் கரும்பு வயல்களுக்கும் வந்தது.

விடுதலைக்குப் பிறகு கரும்பை யார் வெட்டுவது? இந்தக் கேள்வியை டெக்சஸ் முதலாளிகள் மட்டும் கேட்கவில்லை. கரும்பு விளைந்த ஒவ்வொரு கடற்கரையிலும் இதே கேள்வி எழுந்தது. நியாயமான கூலி கொடுத்து ஆள் சேர்ப்பது ஒரு விடை. அதை விரும்பாதவர்கள் கட்டுண்ட வேறு மனிதர்களைத் தேடிப் போனார்கள். பிரிட்டிஷ், பிரெஞ்சுக் காலனிகளின் தோட்ட முதலாளிகள் சென்னை, காரைக்கால், கல்கத்தா துறைமுகங்களின் கதவைத் தட்டினார்கள். டெக்சஸ் முதலாளிகள் சிறைச்சாலையின் கதவைத் தட்டினார்கள். சுகர் லேண்டின் கதை தமிழர்களாகிய நமக்கு அந்நியம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

சிறைக் கதவு எப்படித் திறந்தது என்று பார்ப்போம். அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய வேலை வாங்குவதற்கு விலக்கு அளித்தது. தென்மாநிலங்கள் அந்த விலக்கைப் பற்றிக்கொண்டன. வேலை இல்லாமல் திரிந்தால் குற்றம், ஒரு பன்றியைத் திருடினால் பல ஆண்டுச் சிறை என்று கறுப்பின இளைஞர்களை வளைத்துப் பிடித்தார்கள். டெக்சஸ் அரசு கைதிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. 1878-ல் எட்வர்ட் கன்னிங்ஹம், லிட்டில்பெர்ரி எல்லிஸ் என்ற இரண்டு சுகர் லேண்ட் முதலாளிகள் மாநிலத்தின் சிறைக் கைதிகள் அத்தனை பேரையும் ஐந்து ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார்கள். தலைக்கு மாதம் ஏறக்குறைய 3 டாலர். அந்தப் பணம் அரசுக்குப் போனது. உழைத்தவனுக்கு ஒரு காசும் இல்லை.

அடிமையை விலைக்கு வாங்கிய முதலாளிக்கு அவன் செத்தால் நட்டம். குத்தகைக் கைதி செத்தால் அரசு இன்னொருவனை அனுப்பும். இந்தக் கணக்கு அந்த மனிதர்களுக்கு எப்படிப்பட்ட சாப்பாட்டையும் எப்படிப்பட்ட இருப்பிடத்தையும் கொடுத்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பிராசோஸ் கரைக்கு நரகக்குழி என்ற பெயர் வந்தது. 1883-க்குப் பிறகு அரசு சிறைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது என்றாலும், கரும்புத் தோட்டங்களுக்குக் கைதிகளை அனுப்புவது நிற்கவில்லை. 1910-களின் தொடக்கத்தில்தான் அந்த முறைக்கு முடிவு வந்தது. அதற்குப் பிறகும் தான் அங்கே வாங்கிய நிலத்தில் அரசே சிறைப்பண்ணை நடத்தியது. லெட் பெல்லி என்று பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கறுப்பினப் பாடகர் 1920-களில் அந்தப் பண்ணையில் கைதியாக இருந்தார். தம் பாட்டால் ஆளுநர் பாட் நெஃபின் மனத்தைக் கரைத்து 1925-ல் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார்.

கறுப்பின மக்களின் வாக்கும் அதே காலத்தில் பறிபோனது. 1889 முதல் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் ஜேபேர்டு என்ற வெள்ளையர் சங்கம் தனக்குள் ஒரு முன்தேர்தல் நடத்தி, யார் பதவிக்கு வர வேண்டும் என்பதை முடிவு செய்துவந்தது. 1953-ல் டெர்ரி எதிர் ஆடம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. இன்று நம்மவர்கள் வாக்களிக்கவும் தேர்தலில் நிற்கவும் செய்கிற கவுண்டி அது. இந்த உரிமைக்காக வழக்காடியவர்கள் அந்த மண்ணின் கறுப்பினக் குடிமக்கள்.

1907-08 வாக்கில் கால்வெஸ்டனின் கெம்ப்னர் குடும்பமும் வில்லியம் எல்ட்ரிட்ஜும் தோட்டத்தையும் ஆலையையும் வாங்கி, இம்பீரியல் சர்க்கரை நிறுவனத்தை வளர்த்தார்கள். சதுப்பை வடித்து, வீடு கட்டி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடை என எல்லாவற்றையும் நிறுவனமே நடத்தியது. அங்கே வளர்ந்தவர்கள் அந்த நாட்களைப் பாசத்தோடு நினைவுகூர்கிறார்கள்; அந்தப் பாசமும் உண்மையானது. 1920-களில் பயிர் நோய் தாக்கிக் கரும்புச் சாகுபடி ஓய்ந்தது. பிறகு கியூபா முதலிய இடங்களிலிருந்து கால்வெஸ்டனில் வந்து இறங்கிய கச்சாச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும் ஊராக அது மாறியது. 1959-ல் நகராட்சி ஆனது. 2003-ல் சுத்திகரிப்பு ஆலை மூடப்பட்டது. எலும்புக் கரியில் சர்க்கரையை வடித்து வெளுத்த எட்டு மாடிச் செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. 2011-ல் சிறையும் மூடியது. சிறைப்பண்ணையின் நிலத்தில் டெல்ஃபேர் என்ற அழகிய குடியிருப்பு எழுந்தது. நம் பிள்ளைகள் டைனோசர் எலும்புக்கூடு பார்க்கப் போகும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகம், பழைய சிறைக் கட்டடம் ஒன்றில்தான் இயங்குகிறது.

ரெஜினால்ட் மூர் என்ற மனிதரை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பினத்தவர், அந்தப் பகுதிச் சிறை ஒன்றில் காவலராக வேலை பார்த்தவர். பழைய பண்ணையின் சிறு கல்லறைத் தோட்டம் ஒன்றைப் பராமரித்து வந்தார். குத்தகைக் கைதிகளின் புதைகுழிகள் சுற்றுவட்டாரத்தில் நிச்சயம் இருக்கும், கட்டடம் எழுப்பும் முன் தேடிப் பாருங்கள் என்று அதிகாரிகளிடம் பல ஆண்டுகள் மன்றாடினார். 2018 பிப்ரவரியில், பள்ளி மாவட்டம் தொழிற்கல்விக் கூடம் கட்டத் தோண்டிய இடத்தில் மனித எலும்பு வெளிப்பட்டது. தொல்லியலாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்தபோது மொத்தம் 95 உடல்கள் கிடைத்தன. 94 ஆண்கள், ஒரு பெண். அவர்களில் 14 வயது மதிக்கத்தக்க சிறுவனும் உண்டு, 70 வயதைத் தொட்டவரும் உண்டு. அளவுக்கு மீறிய உழைப்பில் எலும்புகள் உருமாறியிருந்தன. சங்கிலித் துண்டுகளும் கிடைத்தன. 2019 நவம்பரில் அவர்களை அதே இடத்தில், தனித்தனிக் குழியில், மரியாதையோடு மறு அடக்கம் செய்தார்கள். மூர் 2020-ல் காலமானார். தம் சொல் உண்மையானதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இனி நம் பக்கத்துக் கதை. தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் தமிழகத்துக்குக் கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூறு சொல்கிறது. பொங்கல் பானையோடு வைத்து நாம் வணங்கும் அந்தப் பயிரே 19-ஆம் நூற்றாண்டில் நம் மக்களைக் கடல் கடக்க வைத்தது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் 1,52,000-க்கும் மேல். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கம்ப், வெருலம், டோங்காட் என்று நீளும் கடலோர ஊர்களெல்லாம் அவர்கள் கையால் கரும்பாகின. மொரீஷியஸ், பிஜி, கயானா, மார்ட்டினிக், குவாதலூப் கரைகளிலும் தமிழர்கள் கரும்பு வெட்டினார்கள். பிஜித் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரைக் கேட்டுப் பாரதியார் பாட்டெழுதினார்.

ஒப்பந்தக் கூலி முறையும் டெக்சஸ் கைதிக் குத்தகையும் ஒன்றல்ல. நம்மவருக்கு ஒப்பந்தம் இருந்தது, அதற்கு முடிவுத் தேதி இருந்தது, குறைவாகவேனும் கூலி இருந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் நிலம் வாங்கினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் இன்றும் புனித வெள்ளியன்று ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அந்தப் பழைய கரும்பு நிலத்தில் இப்போது கோல்ஃப் மைதானமும் மதில் சூழ்ந்த மாளிகைகளும் இருக்கின்றன.

பெரிய வேறுபாடு ஒன்றை மறக்கவே கூடாது. நேட்டால் கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண்ணும், பெயரும், தந்தை பெயரும், தாலுக்காவும், கிராமமும் எழுதியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு டர்பனிலிருந்து கிளம்பி வேலூர்ப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் தம் பூர்விக ஊரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. சுகர் லேண்டில் கிடைத்த 95 பேருக்கும் அடக்கம் நடந்தபோது அப்படி எதுவும் இல்லை. எந்த எலும்பு யாருடையது என்று தெரியாமலேதான் மண்ணில் வைத்தார்கள். மரபணு ஆய்வின் வழியாக அவர்களின் உறவுகளைத் தேடும் முயற்சி பிறகு தொடங்கியது.

பிப்ரவரி மாதம் நமக்கும் ஒரு நினைவு நாளைத் தருகிறது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் நேட்டாலிலேயே வாழ விரும்பிய தொழிலாளர்கள் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதித்திருந்தார்கள். 1913-ல் அதை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் கரும்புக் கடற்கரை முழுதும் பரவியது. மவுண்ட் எட்ஜ்கம்ப்பில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். அவருக்கு அப்போது 16 வயதுதான். அதே ஆண்டு அந்த வரி ஒழிந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் கறுப்பின வரலாற்று மாதத்துக்குக் கட்டுரை எழுதும்போது, வள்ளியம்மையையும் ரெஜினால்ட் மூரையும் ஒரே தாளில் எழுதலாம். ஆசிரியர்கள் மகிழ்வார்கள், பிள்ளைகளும் இரண்டு வரலாறும் தங்களுடையவை என்று உணர்வார்கள்.

இது தெற்கே நடந்த கொடுமை, நியூ ஜெர்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எடிசன் வாசகர்கள் நினைக்கலாம். தொடர்பு உண்டு. வடமாநிலங்களில் அடிமை முறையைக் கடைசியாகக் கைவிட்டது நம் மாநிலம். 1804-ல் இயற்றிய சட்டம், அதன் பின் பிறந்த குழந்தைகளைக்கூட ஆண் என்றால் 25 வயது வரை, பெண் என்றால் 21 வயது வரை எசமானுக்கு உழைக்க வைத்தது. நம் எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டியில் ஜேக்கப் வான் விக்கிள் என்ற நீதிபதி இருந்தார். 1818-ல் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை லூசியானா தோட்டங்களுக்குக் கப்பலேற்றத் துணை நின்றார். மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோக அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொன்னது. நீதிபதி சம்மதச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட்டார். கைக்குழந்தைகள்கூட மனமுவந்து போவதாக அந்தச் சான்றிதழ்கள் சொல்கின்றன. படிக்கத் தெரியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறிய நம் முன்னோர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டு இறுதியில் மாநிலச் சட்டமன்றம் அந்தக் கடத்தலைத் தடை செய்தது. போனவர்கள் போனவர்கள்தான்.

இவ்வளவும் சொல்வது யாரையும் குற்ற உணர்வில் தள்ளுவதற்காக அல்ல. சுகர் லேண்டில் வீடு வாங்கிய தமிழர் எவரும் அந்தக் கொடுமையைச் செய்தவர் அல்லர். ஆனால் வீடு வாங்கும்போது நிலப் பத்திரத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறோம். பள்ளியின் தரத்தைப் பார்க்கிறோம், வெள்ளம் வருமா என்று விசாரிக்கிறோம். அந்த நிலத்தில் நமக்கு முன்னால் வியர்வை சிந்தியவர் யார் என்றும் விசாரிக்க வேண்டும். குடியேறிய ஊரைச் சொந்த ஊர் ஆக்கிக்கொள்ள இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. கரும்பு வயலில் முதுகு வளைந்த முன்னோர்களைப் பெற்ற இனத்துக்கு இந்தப் பொறுப்பு கூடுதலாகவே இருக்கிறது.

டெக்சஸ் வாசகர்களே, அடுத்த முறை பிள்ளைகளோடு அந்த அருங்காட்சியகத்துக்குப் போகும்போது கட்டடத்தின் கதையையும் சொல்லுங்கள். பழைய பண்ணைக் கல்லறைக்கும் 95 பேரின் நினைவிடத்துக்கும் ஒரு முறை போய் வாருங்கள். தென்னாப்பிரிக்கா, பிஜி, மொரீஷியஸ், கயானா, கரீபியத் தீவுகள் வழியாக இந்நாட்டுக்கு வந்த தமிழ் வம்சாவளியினர் நம் வாசகர்களின் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். தமிழ் பேச வராது என்பதால் அவர்களை நம் விழாக்களுக்கு அழைக்கத் தவறிவிடுகிறோம். அவர்களை அழையுங்கள், அவர்கள் பாட்டன் பாட்டியின் கதைகளைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். தம் ஊரின் பழைய கதையைத் தேட எடிசன் பகுதி வாசகர்களுக்கு ஊர் நூலகமும் மெட்டச்சன்-எடிசன் வரலாற்றுச் சங்கமும் அருகிலேயே உள்ளன.

வரும் இதழிலிருந்து 'நாங்கள் வாழும் ஊர்' என்ற தலைப்பில் இரண்டு பக்கங்களை வாசகர்களுக்காக ஒதுக்குகிறோம். நீங்கள் வாழும் ஊரில் உங்களுக்கு முன் உழுதவர்கள், கட்டியவர்கள், போராடியவர்கள் பற்றி விசாரித்து எழுதுங்கள். பெரியவர்களும் எழுதலாம், பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். பழைய படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். பெயர் தெரிந்த உழைப்பாளி ஒருவரையாவது கண்டுபிடித்து, அந்தப் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதி அனுப்புங்கள். அதைத் தமிழில் அச்சேற்றும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்
எடிசன், நியூ ஜெர்சி